கண்டி கிளினிக்கில் உளவளத்துணை: போகலாமா, வேண்டாமா?

ஐவிஎஃப் (உடம்புக்கு வெளியே கருவை உருவாக்கிக் கருப்பையில் வைக்கிற சிகிச்சை) செய்ய கண்டிக்குப் போக நினைக்கிற நம் மலையகத் தம்பதிகள் எல்லாரும் விசாரிப்பது இரண்டே விஷயம்: டொக்டர் எப்படி, செலவு எவ்வளவு. நான் எழுத வந்தது நாங்கள் போன கண்டி தனியார் கிளினிக்கில் இருக்கிற உளவளத்துணை (கவுன்சலிங்) சேவையைப் பற்றி. குறையும் சொல்லப் போவதால் கிளினிக்கின் பெயரைப் போடவில்லை.

கல்யாணமாகி ஒரு வருசம் தாண்டிவிட்டால் எங்கள் ஹட்டன் பக்கத்தில் கொழுந்து நிறுக்கிற இடத்திலிருந்து கோயில் திருவிழா வரைக்கும் "ஏதும் விசேஷம் இல்லையா?" என்று கேட்பார்கள், முன்னேஸ்வரத்துக்கு நேர்த்தி வைக்கச் சொல்வார்கள், அத்தனையும் பெண்ணிடம்தான் வரும். ஆண் பக்கத்திலும் காரணம் இருக்கிற தம்பதிகள் ஏராளம். ஆனாலும் விந்துப் பரிசோதனைக்குப் புருஷனைக் கூட்டிப் போவதற்குள் பாதிப் பேர் வீட்டில் பெரிய சண்டையே நடந்து முடிந்திருக்கும். அதனால்தான் உளவளத்துணை தருகிற மிஸ் முதல் நாளே "ரெண்டு பேரும் சேர்ந்து வந்தால்தான் பேசுவேன்" என்று சொன்னது எனக்கு அவ்வளவு பிடித்தது.

அவர் தமிழில் பேசுகிறவர். டொக்டரோடு சிங்களத்தில் சமாளித்துவிடலாம், மருந்து எந்த நேரம், ஸ்கேன் எந்த நாள் என்பதெல்லாம் புரியும். ஆனால் தங்கச்சியின் வளைகாப்புக்குப் போக மனசு வரவில்லை, அதைச் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது என்பதை எனக்குத் தமிழில்தான் சொல்ல வரும். என் புருஷனும் அந்த அறையில்தான் முதல் தடவையாகத் தன் பயத்தை வாய்விட்டுச் சொன்னார். வீட்டில் நான் பேச்செடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுவார், அக்கறை இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சிகிச்சைப் பேச்சுக்கு சாயங்காலம் 20 நிமிடம் மட்டும், அப்புறம் வேறு பேச்சு என்று மிஸ் ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். சின்ன விஷயம்தான், ஆனால் எங்கள் ராத்திரிகளை அது காப்பாற்றியது.

கருவைக் கருப்பையில் வைத்த பிறகு இரத்தப் பரிசோதனைக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் கொடுக்கிற புரோஜெஸ்டிரோன் மருந்தே மார்பு வலி, வயிறு உப்புசம், அசதி எல்லாம் கொண்டுவரும், கர்ப்பத்துக்கும் அதே அறிகுறிகள்தான். அதனால் உடம்பைப் பார்த்துக் குறி சொல்லாதீங்க என்று மிஸ் முன்கூட்டியே சொல்லி வைத்தார். முடிவு வருகிற அன்று எங்கே இருப்பீர்கள், போனை யார் எடுப்பார், யாருக்கு முதலில் சொல்வீர்கள் என்று எங்களிடமே கேட்டு எழுத வைத்தார்.

இன்னொன்று முக்கியம். "நீ கவலைப்பட்டுக்கிட்டே இருந்தா எப்படித் தங்கும்?" என்று மாமியார் சொல்லிச் சொல்லி நானும் நம்பிவிட்டிருந்தேன். 2011இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகை ஒன்றில் 14 ஆய்வுகளை, 3583 பெண்களின் விபரங்களைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். சிகிச்சைக்கு முன் இருந்த மனக்கவலைக்கும் கரு தங்குவதற்கும் தொடர்பு காணவில்லை என்று மிஸ் எடுத்துச் சொன்னார். இதைக் கேட்டு நான் அழுத அழுகைக்கு அந்த அறையில் யாரும் "அழாதே" என்று சொல்லவில்லை.

சரி, குறை. கரு தங்கவில்லை என்று முடிவு வந்தபோது முன்மேசையிலிருந்து ஒரு போன், ஒரே வசனம், அவ்வளவுதான். உளவளத்துணைக்கு வாருங்கள் என்று யாரும் கூப்பிடவில்லை, நானே எடுத்துக் கேட்டபோது சிகிச்சை நடக்கிறவர்களுக்குத்தான் முன்னுரிமை என்றார்கள். மனசு உடைந்து கிடக்கிற நேரத்தில்தானே அது அதிகம் தேவை? எனக்கு இன்னும் ஆறவில்லை. கர்ப்பிணித் தாய்மார் ஸ்கேனுக்கு உட்கார்கிற அதே வரிசையில் எங்களையும் உட்கார வைப்பதையும் மாற்ற வேண்டும்.

கட்டணம் தனி. ஆனாலும் போங்கள் என்றுதான் சொல்வேன், முதல் ஊசிக்கு முன்பே போங்கள். தமிழில் பேசுகிறவர் எந்த நாளில் வருவார் என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள், இல்லாவிட்டால் நாவலப்பிட்டி, கம்பளை வழியாக அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்தது வீண். கரு தங்கவில்லை என்று முடிவு வந்தாலும் ஒரு சந்திப்பு தரவேண்டும் என்று பணம் கட்டும்போதே பேசி வையுங்கள். நடுராத்திரியில் தாங்க முடியாமல் போனால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எடுக்கலாம்.