நிமிஷத்துக்கு ஒரு டிக்

பழைய லேப்டாப்பில் இருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாமா என்று நண்பர் கேட்டார். மாடலைப் பார்த்தால் என்னிடம் இருக்கும் அதே சனியன். கம்பெனி பெயர் வேண்டாம். 2.5 இன்ச், 500 ஜிபி, மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

வாங்கிய மறுநாளே அந்த 'டிக்' ஆரம்பித்தது. சில நொடி சும்மா இருந்தால் போதும், சுற்றும் தட்டில் படித்து எழுதும் ஹெட்டைத் தூக்கி, ஓரத்தில் இருக்கும் ராம்ப் என்ற சரிவில் ஏற்றிவிடும். பேட்டரி மிச்சமாம். என் லேப்டாப்பில் ஓடும் லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம் சும்மா இருக்குமா? எழுத ஏதாவது சேர்ந்துவிட்டால் ஐந்து நொடிக்குள் ஜர்னல் என்ற மாற்றக் குறிப்பேட்டில் எழுத டிஸ்க்கை எழுப்பிவிடும். இது தூங்கப் போக, அது எழுப்ப, ராத்திரி முழுக்க சுவரில் பல்லி கத்துகிற மாதிரி டிக்... டிக்...

ஏபிஎம் என்ற மின்சிக்கன அமைப்பின் அளவு 128இல் இருந்தது. எச்டிபார்ம் என்ற லினக்ஸ் கட்டளையில் அதை 254 ஆக்கினால் அடங்கும். லேப்டாப்பை மூடித் திறந்தால் பழைய குணம். தானாகவே மாற்ற ஒரு ஸ்கிரிப்ட் போட்டேன், அப்டேட்டில் அதுவும் போச்சு.

அந்தக் காலத்து 20 எம்பி டிஸ்க்குகளில் 'பார்க்' என்று நாமே டைப் அடித்தால்தான் ஹெட் ஒதுங்கும். மறந்துபோய் பெட்டியைத் தூக்கினால் ஆபத்து. இங்கே ஒதுங்காதே என்று கெஞ்ச வேண்டியிருக்கிறது.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒருநாள் ஓடிக்கொண்டிருந்த லேப்டாப் கட்டிலில் இருந்து விழுந்தது. 'டிக்' கேட்டு இரண்டு நொடிகூட இருக்காது. ஹெட் ராம்ப்பில் இருந்திருக்கிறது, தட்டில் கீறல் இல்லை. கரண்ட் போனாலும் கவலையில்லை. சுற்றிக்கொண்டிருக்கும் தட்டின் வேகத்திலிருந்தே மின்சாரம் எடுத்து ஹெட்டை ஒதுக்கிவிடும்.

நேற்று, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் கணக்கைப் பார்த்தேன். ஓடியது 11,200 மணி நேரம், லோட் சைக்கிள், அதாவது ஹெட் ராம்ப்பில் ஏறி இறங்கிய தடவை, 6,83,417. ஸ்பெக் ஷீட்டில் போட்டிருப்பது 6 லட்சம். அந்த வரிக்கு மதிப்பெண் 001க்கு இறங்கிக் கிடக்கிறது. ஃபெயில் ஆகும் எல்லையான திரெஷோல்டு 000 என்பதால் ரிசல்ட் மட்டும் 'பாஸ்'! கெட்டுப்போய் மாற்றி ஒதுக்கிய செக்டர் (தட்டின் சிறு பகுதி) பூஜ்யம். ஒரு ஃபைல்கூட இதுவரை போகவில்லை.

இருந்தாலும் நண்பருக்குச் சொன்ன பதில், தூக்கிப் போடுங்கள் என்பதுதான். நானே போன வாரம் எஸ்எஸ்டி மாற்றிவிட்டேன். கழற்றிய டிஸ்க்கை யுஎஸ்பி கேஸில் போட்டு வைத்திருக்கிறேன். இதை டைப் அடிக்கும்போது வீட்டுப் போட்டோக்கள் எல்லாம் அதில்தான் காப்பி ஆகிக்கொண்டிருக்கின்றன. இதோ, டிக்.