திராட்சைக்குக் கலர் ஏத்தப் போய் 18,400 ரூபாய் போச்சு, நீங்களாவது உஷாரா இருங்க

நேத்து சாயங்காலம்தான் தெளிப்பு மருந்து வித்த செயலிக்காரங்ககிட்டேருந்து கடைசிப் பதில் வந்துச்சு. ஆத்திரம் அடங்கல. அடங்குறதுக்குள்ள எழுதிடணும்னு உக்காந்திருக்கேன். 18,400 ரூபாய்.

எனக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம், புதாத்துப் (கல்லணைக் கால்வாய்) பாசனம். 2018 நவம்பர் 16 விடியக்காலையில கஜா புயல் தென்னையை மொத்தமா சாய்ச்சுப் போட்டுது. அந்த இடத்துல 60 சென்ட்டுக்குப் பந்தல் போட்டு பன்னீர் திராட்சை வச்சேன். டெல்டாவுல திராட்சையான்னு சிரிக்காத ஆளில்ல. எங்க பக்கம் செம்மண்ணு, தண்ணி தேங்காது. திராட்சைக்குப் பேர் போன தேனி மாவட்டக் கம்பத்துக்கு ரெண்டு தடவ போய்ப் பாத்துட்டுத்தான் வச்சேன். காய்ப்புக்குக் குறையில்ல, கலர்தான் தொல்லை. ஒரே கொத்துல பாதி கருப்பு, பாதி பச்சை. தோல்ல ஆந்தோசயனின்னு ஒரு நிறமி ஊறினாத்தான் கருப்பு ஏறும். ராத்திரி கொஞ்சம் குளிந்தா அது நல்லா ஊறும். கம்பத்துக்கு ரெண்டு பக்கமும் மலை. நமக்குச் சித்திரை ராத்திரியில ஃபேனுக்கு அடியிலயே வேர்க்குது.

பஞ்சகவ்யா 10 லிட்டருக்கு 300 மில்லின்னு அடிச்சேன். இலை பளபளன்னு இருந்துச்சு, கலர்ல பெருசா மாத்தமில்ல. பழத்தைச் சீக்கிரம் பழுக்க வைக்கிற ரசாயனம் எத்ரல், அதை அடிங்கன்னாங்க சில பேர். எங்க வீட்டுப் பிள்ளைங்க பந்தலுக்கடியில நின்னு பறிச்சு அப்படியே வாயில போடுற பழம். வேணாம்னுட்டேன்.

அப்பத்தான் போன்ல அந்த விளம்பரம். விவசாய இடுபொருள் விக்கிற ஒரு செயலி, பேர் சொல்லல. கடல்பாசிச் சாறும் பழக்காடியும் சேர்ந்த இயற்கை இலைத்தெளிப்பாம், ஒயின் திராட்சைத் தோட்டத்துல அடிக்கிறதாம். நான் விழுந்தது இந்த ஒயின் பேச்சுலதான். சிவப்பு ஒயினுக்கு நிறமே தோல்லேருந்துதான் இறங்கணும், உள்ள இருக்கிற சாறு வெளுப்பு. தோல் கலரை நம்பித் தொழில் பண்றவனே இதை அடிக்கிறான்னா சரக்கு நல்லாத்தான் இருக்கும்னு நானே எனக்கு வக்கீலாயிட்டேன்.

இருந்தாலும் உடனே பணம் போடல. ‘பயிர் ஆலோசகரிடம் பேசுங்கள்’னு இருந்துச்சு, பேசினேன். சின்னப் பையன் குரல். “அண்ணே, நானும் பேராவூரணிப் பக்கந்தாண்ணே. கஜாவுல எங்க அப்பாவுக்கு நூத்தி இருவது மரம் போச்சுண்ணே”ன்னான். அவ்வளவுதான். அந்த ராத்திரி மரம் முறியுற சத்தத்தைக் கேட்டவன்கிட்ட இன்னொருத்தன் அதைச் சொன்னா, அதுக்கப்புறம் எங்கேருந்து சந்தேகம் வரும்? வீடியோவுல பந்தலைக் காட்டினேன். “கொத்து சூப்பரா இருக்குண்ணே, நம்ம ஊரு மண்ணுக்கு இது அற்புதமா வேலை செய்யும், மூணு தெளிப்பு போதும்”னான். ஒரு லிட்டர் 2,300, எட்டு பாட்டில், 18,400. சம்சாரம் பக்கத்துல நின்னு, “என்னங்க, முதல்ல ஒண்ணு வாங்கிப் பாத்தா என்ன?”ன்னுச்சு. நான்தான் கேக்கல. எட்டா வாங்கினா சலுகையாம்.

நாலாம் நாள் பாட்டில் வந்துச்சு. முன்பக்கம் கடல்பாசிப் படம், பின்பக்கம் தயாரிச்ச இடமும் இல்ல, தொகுப்பு எண்ணும் இல்ல. அதை அப்பவே பாத்திருக்கணும். 16 லிட்டர் டேங்குக்கு 100 மில்லின்னு கலந்து, ஒரு விடியக்காலை அடிச்சு முடிச்சோம். மூணு பாட்டில் காலி.

அஞ்சாம் நாள் கலர் வந்துடுச்சுங்க! அதான் கொடுமை. பந்தலே கறுத்துப் போச்சு, சந்தோஷத்துல போட்டோ எடுத்து அந்தப் பையனுக்கே அனுப்பினேன். ஏழாம் நாள் காலையில பந்தலுக்கடியில கால் வைக்க இடமில்ல. பழம் காம்பை விட்டு உதிந்து கிடக்கு. அமுக்கினா கொழகொழன்னு இருக்கு, இனிப்பே இல்ல. இலையும் மஞ்சளாகி விழுது. எங்க பகுதி வேளாண் அலுவலர் வந்து பாத்துட்டு, எத்ரல் அளவு மீறினா இப்படித்தான் உதிரும், சாம்பிள் கொடுத்துப் பாருங்கன்னாரு. ‘இயற்கை’ பாட்டில்ல என்ன இருந்துச்சுன்னு பரிசோதனைதான் சொல்லணும். எதை அடிக்க மாட்டேன்னு வீம்பா இருந்தேனோ, அதையே காசு கொடுத்து வாங்கி அடிச்சேனோன்னு நினைச்சா வயிறு எரியுது. வியாபாரி வந்து பந்தலை ஒரு பார்வை பாத்தாரு, வண்டியை விட்டு இறங்கவே இல்ல.

புகார் கதையைக் கேளுங்க. பையன் போன் அணைச்சு வச்சிருக்கு. செயலியில எழுதினா 48 மணி நேரத்துல பேசுவோம்னாங்க, ஆறு நாள் ஆச்சு. அப்புறம் ஒரு பொண்ணு, “சார், நீங்க தெளிச்ச நேரம் தப்பு.” விடியக்காலையில அடிச்சேம்மா. “அப்ப தண்ணியில உப்பு இருக்கும் சார்.” சரி, சீல் உடைக்காத அஞ்சு பாட்டிலையாவது எடுத்துக்குங்கன்னேன். சலுகை ஆர்டர்ல பாதியைத் திருப்ப முடியாதாம். நான் போட்ட விமர்சனம் மறுநாளே காணோம். நேத்து வந்த கடைசிப் பதில்: ‘திராட்சை டெல்டா பகுதிக்கு ஏற்ற பயிர் அல்ல என்பதால் நிறுவனம் பொறுப்பேற்காது.’ 18,400 ரூபாயை வாங்குறப்ப நம்ம ஊரு மண்ணு அற்புதம். கொடுக்கணும்னா டெல்டாவுக்கு ஏற்ற பயிர் அல்ல!

என்னென்ன பாத்து வாங்கணும்னு விரிவா எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன். இப்ப முடியல. இந்த மாதிரி உயிர் ஊக்கிகளை 2021லேயே உரக்கட்டுப்பாட்டு ஆணைக்குள்ள கொண்டு வந்துட்டாங்க, பாட்டில்ல தயாரிப்பாளர் முகவரியும் பதிவு விவரமும் இல்லேன்னா தொடாதீங்க. எதுவானாலும் முதல்ல பத்து கொத்துல அடிச்சு பத்து நாள் பொறுங்க. பாட்டில் பிரிக்கிறதை வீடியோ எடுங்க. நுகர்வோர் உதவி எண் 1915, நான் பதிஞ்சிருக்கேன். ஊர்ப் பேரைச் சொல்லிப் பேசுறவன்கிட்ட எந்தத் தெருன்னு கேளுங்க.

மிச்ச அஞ்சு பாட்டிலும் மாட்டுக்கொட்டகைப் பரண்ல இருக்கு. நாளைக்கு ஒண்ணை சீலோட எடுத்துக்கிட்டு வேளாண் அலுவலகம் போகணும். பில்லை பிரிண்ட் போடணும், ஜெராக்ஸ் கடை சாத்துறதுக்குள்ள கிளம்புறேன்.