ஐந்து மில்லிமீட்டர் ரப்பரில் எட்டு மாதங்கள்: ஓட்டச் செருப்பு ஒன்றின் மதிப்பீடு

தடித்த மெத்தை வைத்த ஷூக்களில் ஆறு ஆண்டுகள் ஓடிய பிறகு, கடந்த கார்த்திகையில் கயிறு கட்டி அணியும் மெல்லிய ஓட்டச் செருப்பு ஒன்றை வாங்கினேன். 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு ரப்பர் தகடு, பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே ஒரு துளை, கணுக்காலுக்குக் கீழே இருபுறமும் ஒவ்வொரு துளை, மூன்றையும் கோத்துச் செல்லும் ஒரு நைலான் கயிறு. செருப்பு என்பது இவ்வளவுதான். ஒன்றின் எடை 140 கிராம், ஜோடியின் விலை 2,200 ரூபாய். இதைச் செய்து தந்த சிறிய பட்டறையின் பெயரை நான் குறிப்பிடவில்லை. இதே அமைப்பில் பலர் செய்கிறார்கள், நான் சொல்லவிருக்கும் நிறைகுறைகளில் பெரும்பாலானவை இந்த வகைக்கே உரியவை.

இந்த அமைப்பின் மூலம் மெக்சிகோவின் சிவாவா மாநிலத்து மலைப் பள்ளத்தாக்குகளில் வாழும் ராராமுரி மக்களிடம் இருக்கிறது. பழைய டயரை வெட்டித் தோல்வார் கட்டிய செருப்போடு அவர்கள் மலைப்பாதைகளில் நெடுந்தூரம் ஓடுகிறார்கள். 1993இல் அமெரிக்காவின் லெட்வில் நகரில் நடந்த 100 மைல் ஓட்டத்தில் முதலாவதாக வந்த விக்டோரியானோ சுர்ரோ, அப்போது 55 வயதான ராராமுரி; அவர் ஓடியது டயர் செருப்பில். வயல்வேலைக்குப் போகிறவர்கள் டயர் செருப்பு அணிவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, பெட்டியைத் திறந்தபோது இது புதிய பொருளாகவே தோன்றவில்லை.

ஆனால் ஓட்டம் முற்றிலும் புதிதாக இருந்தது. ஷூவில் நான் குதிகாலை முதலில் ஊன்றியே ஓடி வந்தேன். இந்தச் செருப்பில் அப்படி ஊன்றிய முதல் பத்து அடிகளிலேயே தார்ச்சாலையின் அதிர்ச்சி முழங்கால் வரை ஏறியது. யாரும் சொல்லாமலே முன்பாதம் முதலில் தரையைத் தொடத் தொடங்கியது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் லீபர்மேனும் அவருடைய குழுவினரும் 2010இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அளந்து காட்டியது: வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்திலோ நடுப்பாதத்திலோ இறங்குகிறார்கள், அப்படி இறங்கும்போது குதிகால் ஊன்றலில் தோன்றும் திடீர் மோதல் விசை மிகவும் குறைந்துவிடுகிறது. எனக்கு இதைக் கற்பித்தது காது. கால் தவறாக இறங்கினால் ரப்பர் தரையில் 'சப்' என்று அறைகிறது; அடிகளைச் சிறிதாக்கி, உடலுக்கு நேர் கீழே காலை வைத்தால் ஓசை அடங்கிவிடுகிறது. நிமிடத்துக்கு 162 ஆக இருந்த என் அடிகளின் எண்ணிக்கை நான்கு மாதங்களில் 174 ஆனது, ஓசையைக் குறைக்க முயன்றதன் பயனாக மட்டுமே.

இந்த மகிழ்ச்சியில் நான் செய்த தவற்றை விரிவாகச் சொல்ல வேண்டும். மூன்றாவது வாரத்தில், கெண்டைக்கால் வலி தணிந்துவிட்டது என்ற நம்பிக்கையில், ஒரே காலையில் 8 கிலோமீட்டர் ஓடினேன். மறுநாள் இடது பாதத்தின் மேற்புறத்தில், விரல்களுக்குச் சற்றுப் பின்னால், விரல்நுனி வைத்தாலே சுளீரென்று வலித்தது. மருத்துவர் எலும்பு அழுத்தத்துக்கு உள்ளாகியிருக்கிறது என்று சொல்லி ஆறு வாரங்கள் ஓடக் கூடாது என்றார். பொங்கல் கழித்துத்தான் மீண்டும் சாலையில் இறங்கினேன். குறை செருப்புடையது அன்று, அவசரம் என்னுடையது. ஆயினும் இந்த ஆபத்தை விற்பவர்கள் பெட்டியின் மேலேயே பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அனுபவமுள்ள 36 ஓட்டக்காரர்களில் ஒரு பிரிவினர், விரல்களைத் தனித்தனியே நுழைத்து அணியும் மெல்லிய ஐந்து விரல் காலணிக்குப் பத்து வாரங்களில் மாறினார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் பாத எலும்புகளில் வீக்கம் அதிகரித்திருந்தது. அந்தக் காலணியைச் செய்யும் வைப்ரம் நிறுவனம், காயத்தைக் குறைக்கும், தசையை வலுப்படுத்தும் என்ற விளம்பரங்களுக்கு எதிரான வழக்கை 2014இல், தவற்றை ஒப்புக்கொள்ளாமல், 37.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. தசை சில வாரங்களில் பழகுகிறது, எலும்புக்கோ மாதங்கள் தேவைப்படுகின்றன. இந்த இடைவெளியில்தான் காயம் நேர்கிறது.

இரண்டாம் முறை, பழைய ஷூவிலேயே ஓடி முடித்து, கடைசி 400 மீட்டருக்கு மட்டும் செருப்பை மாட்டினேன். வாரந்தோறும் 200 மீட்டர் கூட்டினேன், வலி தெரிந்த வாரத்தில் கூட்டவில்லை. வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கும் நம் வழக்கம் பாதத்துக்கு ஓரளவு பயிற்சிதான், ஆனால் நடை வேறு, ஓட்டம் வேறு.

செருப்பின் உண்மையான குறை அதன் முடிச்சு. விரலிடைத் துளையின் வழியே இறங்கும் கயிறு அடியில் முடிச்சிடப்பட்டிருப்பதால், முன்பாதம் இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்த முடிச்சே சாலையில் தேய்கிறது. மாசி மாதத்தில் ஒரு நாள், பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில், அது அறுந்து செருப்பு தனியே பறந்தது. கையில் எடுத்துக்கொண்டு வந்ததை எங்கள் தெருமுனையில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "முடிச்சு வெளியே இருந்தா தேயத்தான் சார் செய்யும், உள்ளே இறக்கிடலாம்" என்றார். துளையைச் சுற்றி ரப்பரைப் பொத்தான் அளவுக்குக் குழியாகச் செதுக்கி, கயிற்றின் நுனியை மெழுகுவத்தியில் உருக்கித் தட்டையாக அமுக்கி, அதற்கு மேல் ஒரு தோல் வட்டை வைத்துக் குழிக்குள் பதித்தார். கூலி 40 ரூபாய். 2,200 ரூபாய் வாங்கிய பட்டறை இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

சித்திரை, வைகாசியில் காலை எட்டு மணிக்குமேல் தாரின் சூடு இந்த ரப்பரைத் தாண்டி உறைக்கிறது. கண்ணாடிச் சில்லு இதுவரை ஏறவில்லை, நெருஞ்சி முள்ளும் நின்றுவிட்டது. கருவேல முள் ஒருமுறை நேராகத் துளைத்து உள்ளே வந்தது. மணலில் ஓடினால் பாதத்துக்கும் ரப்பருக்கும் இடையே மணல் சேர்ந்து உரசுகிறது. மழையில் பாதம் செருப்புக்குள்ளேயே வழுக்குவதால் அன்று நான் இதை எடுப்பதில்லை.

நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் இதை வாங்கவே கூடாது. இந்த முறை முழுவதும் பாதம் தரையை உணர்ந்து சொல்வதை நம்பி நிற்கிறது. அந்த உணர்ச்சி இல்லாதவருக்குச் சிறு கீறலும் பெரும் புண்ணாகலாம். மற்றவர்களுக்கு, ஆறு மாதங்களை ஒதுக்க மனமிருந்தால், தயங்காமல் பரிந்துரைப்பேன். ஷூக்களைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. 1960இல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் வென்ற அபேபே பிகிலா, 1964இல் டோக்கியோவில் ஷூ அணிந்து ஓடி, அதைவிட விரைவாக வென்றார். நானும் வாரத்தில் நான்கு நாள் ஓட்டத்தில் இரண்டு நாளுக்குத்தான் இந்தச் செருப்பை அணிகிறேன், இப்போது ஒரு முறைக்கு 5 கிலோமீட்டர். பெரியவர் பதித்த முடிச்சு ஆடி பிறந்தும் தேயாமல் இருக்கிறது.