பேஸ் ஆம்ப்: பெரிய வாட்டா, இன்னொரு பெட்டியா?

டிரம்ஸ் ஓங்கியதும் பேஸ் கிதார் கரகரக்கத் தொடங்கினால், பலரும் முதலில் தேடுவது ஆம்பில் (ஒலியைப் பெருக்கும் கருவியில்) கூடுதல் வாட்டைத்தான். அந்த எண் ஆசை காட்டும் அளவுக்குப் பலன் தராது. 250 வாட்டை 500 ஆக்கினால் கிடைப்பது 3 டெசிபல். கொஞ்சம் கூடியிருக்கிறது என்று காது ஒப்புக்கொள்ளும், அவ்வளவுதான். இருமடங்காகக் கேட்க ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். அதைப் பழைய ஸ்பீக்கர் தாங்கவும் வேண்டுமே!

இரண்டாவது ஸ்பீக்கர் பெட்டியின் கணக்கு வேறு. ஃபெண்டர் ரம்பிள் 500 என்ற காம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் உள்ள வகை), 8 ஓம் மின்தடை கொண்ட தன் சொந்த ஸ்பீக்கர்களுக்கு 350 வாட்தான் தருகிறது. இன்னொரு 8 ஓம் பெட்டியைச் செருகினால் இரண்டும் இணையாகச் சேர்ந்து மின்தடை பாதியாகக் குறைந்து மொத்தம் 4 ஓம் ஆகி, முழு 500 வாட்டும் வெளிவரும். ஒலி எழுப்பும் ஸ்பீக்கர் கோன்களின் பரப்பு இரட்டிப்பதால் தாழ்ந்த சுரங்களில் மேலும் 3 டெசிபல் வரை சேரும். சுமை பகிரப்படுவதால் கரகரப்பும் குறையும். பழைய பெட்டியாகப் பார்த்து வாங்கினால் செலவும் கையைக் கடிக்காது. தூக்கிச் சுமக்கும் தோள்தான் முணுமுணுக்கும்.

ஆம்பின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் குறைந்தபட்ச ஓம் அளவைப் பார்க்காமல் இணைக்காதீர்கள். இரண்டு 4 ஓம் பெட்டிகள் சேர்ந்தால் 2 ஓம். பல ஆம்ப்கள் அதில் சூடேறி அணைந்துவிடும், சில எரிந்தே போகும்.

வெளி ஸ்பீக்கர் இணைப்பே இல்லாத சிறு காம்போ என்றால் வாதத்துக்கு இடமில்லை: அதை விற்றுவிட்டுப் பெரியதை வாங்குங்கள். அதுவரை பேஸ் குமிழைக் குறைத்து, மிட் (நடுத்தர ஒலி) குமிழைக் கூட்டிப் பாருங்கள். அதற்குக் காசு வேண்டாம்.