டிசம்பர் விடுமுறைக்குச் சிங்கப்பூரா, பினாங்கா?

குளிர் நாடுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு, பள்ளிகள் மூடியிருக்கும் டிசம்பர் கடைசி இரண்டு வாரங்கள்தான் எல்லோரும் சேர்ந்து வெயிலைத் தேடிப் போகக் கிடைக்கும் ஒரே அவகாசம். தமிழ் பேசியே கடை கண்ணிக்குப் போய் வரக்கூடிய, கோயிலும் கடலும் பக்கத்திலேயே இருக்கிற வெப்பமண்டலத் தீவு நகரம் என்று தேடினால், சிங்கப்பூரும் மலேசியாவில் இருக்கும் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனும் முதலில் வந்து நிற்கின்றன. இரண்டும் பூமத்திய ரேகைக்கு அருகில், ஒரே தீபகற்பத்தை ஒட்டி இருப்பதால் டிசம்பரில் இரண்டிலும் ஒரே வானிலைதான் இருக்கும் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். பயணத்தையே கெடுத்துவிடக்கூடிய எண்ணம் அது.

டிசம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, மலேசியத் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் கொட்டித் தீர்க்கிறது. கிளந்தான், திரெங்கானு மாநிலங்களில் அப்போது வெள்ளம் வருவது வழக்கம். தீபகற்பத்தின் முதுகெலும்பாக ஓடும் தித்திவங்சா மலைத்தொடர் அந்தக் காற்றை மறித்துவிடுவதால், மேற்குக் கரைக்கு அப்பால் இருக்கும் பினாங்குக்கு அதன் மிச்சம் மட்டுமே வந்து சேர்கிறது. தென்முனையில் இருக்கும் சிங்கப்பூருக்கோ அப்படி ஓர் அரண் இல்லை. அதன் மிக உயர்ந்த புக்கித் தீமா குன்றே சுமார் 160 மீட்டர்தான். ஆகவே சிங்கப்பூரில் ஆண்டிலேயே அதிக மழை பெய்யும் மாதம் டிசம்பர். சராசரியாக 300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. ஜார்ஜ் டவுனில் அதே மாதத்தில் பெய்வது அதில் பாதிக்கும் குறைவு. அங்கே அடைமழைக் காலம் செப்டம்பர், அக்டோபரோடு பெரும்பாலும் போய்விடும். ஜனவரியும் பிப்ரவரியும் இன்னும் வறண்டவை.

இதைச் சொல்வதால் சிங்கப்பூரைத் தள்ளிவிடச் சொல்கிறேன் என்று பொருளில்லை. மழையோடு வாழப் பழகிய ஊர் அது. லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவில் மழை பிடித்துக்கொண்டால், கடைவீடுகளின் முன்னால் கூரையோடு ஓடும் நடைபாதையான அஞ்சடிக்குள் ஒதுங்கி, பூக்கடையின் மல்லிகை வாசத்தோடு நின்றுகொண்டே அடுத்த தெருமுனை வரை நனையாமல் நடந்துவிடலாம். அங்கிருந்து கேம்பல் லேனில் 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்துக்குள் நுழைந்தால் அரைநாள் போவதே தெரியாது. கரையோரப் பூந்தோட்டங்களின் குளிரூட்டப்பட்ட கண்ணாடிக் கூடத்தில் 35 மீட்டர் உயர அருவியின் அடியில் நிற்கும் பிள்ளைகளுக்கு, வெளியே பெய்யும் மழை நினைவுக்கே வராது. ஆர்ச்சர்ட் சாலையில் 1984 முதல் ஆண்டுதோறும் ஏற்றப்படும் கிறிஸ்துமஸ் விளக்குகளும் ஈரத் தரையில் இரட்டிப்பாகத் தெரியும். ஆனால் கடற்கரையில் கிடந்து வெயில் காய்வதே நோக்கம் என்றால், இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்யும் மழை அந்த நோக்கத்தை முழுதாக அடித்துக்கொண்டு போய்விடும்.

வயதானவர்களை அழைத்துச் செல்வோருக்கு வேறொரு கணக்கு இருக்கிறது. சிங்கப்பூரில் எம்ஆர்டி எனும் நகர ரயில் நிலையங்களில் மின்தூக்கி உண்டு, நடைபாதைகள் சமமானவை, கையிலிருக்கும் வங்கி அட்டையைத் தட்டியே ரயிலிலும் பேருந்திலும் ஏறிவிடலாம். ஜார்ஜ் டவுனின் பழைய அஞ்சடிகளோ கடைக்குக் கடை மேடும் பள்ளமுமாக, நடுவே மோட்டார் சைக்கிளும் சரக்குப் பெட்டியும் நிற்கிற இடங்கள். முழங்கால் வலி உள்ளவரும் சக்கர நாற்காலியில் இருப்பவரும் அங்கே உண்மையிலேயே துன்பப்படுவார்கள். ரயில் இல்லாத அந்த நகரத்தில் பெரும்பாலும் வாடகைக் காரையே நம்ப வேண்டியிருக்கும் என்பதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படியும் பினாங்கில் தங்குவதற்கும் சாப்பிடுவதற்கும் ஆகும் செலவு சிங்கப்பூரைவிட வெகுவாகக் குறைவு. சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கும் அப்போதுதான் ஆண்டிறுதி விடுமுறை என்பதால், அங்கே வரிசைகளும் நீளமாகவே இருக்கும்.

கடலைப் பற்றி மட்டும் யாருக்கும் வீண் ஆசை காட்ட நான் விரும்பவில்லை. சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் இருக்கும் மணல் வேறிடத்திலிருந்து கொண்டுவந்து கொட்டியது, எதிரே சரக்குக் கப்பல்கள் வரிசைகட்டி நிற்கும். பினாங்கின் பத்து ஃபிரிங்கி கடற்கரை நீளமானது, அழகானது. ஆனால் நீர் கலங்கலானது, ஜெல்லி மீன்களும் வரும். இரண்டிலுமே கண்ணாடி போன்ற நீரை எதிர்பார்க்க வேண்டாம்.

சாப்பாட்டில் என் மனம் பினாங்கின் பக்கமே சாய்கிறது. நாசி கண்டார் என்பது துறைமுகத் தொழிலாளர்களுக்காகத் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் தோளில் காவடித்தண்டு போட்டு, இரு பக்கமும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டுச் சுமந்து விற்றதிலிருந்து வந்த பெயர். இன்றும் கடைக்காரர் சோற்றின் மேல் மீன் குழம்பு ஒரு கரண்டி, கோழிக் குழம்பு ஒரு கரண்டி, அதன் மேல் இன்னொன்று என்று ஊற்றிக்கொண்டே போவார். ‘பன்ஜிர்’, அதாவது மலாயில் வெள்ளம், என்று சொல்லிவிட்டால் தட்டின் விளிம்பு வரை குழம்பு ததும்பும். மாலையில் 1923இல் ஓடத் தொடங்கிய மலை ரயிலின் இன்றைய வண்டியில் ஏறி, 800 மீட்டருக்கு மேல் உயர்ந்த பினாங்கு மலையிலிருந்து ஊரின் விளக்குகள் எரியத் தொடங்குவதைப் பார்ப்பதற்கு ஈடாகச் சிங்கப்பூரில் ஒன்றை என்னால் சொல்ல முடியவில்லை. விடுப்பைத் தைப்பூசம் வரை தள்ளிப்போட முடிந்தவர்கள் தயங்கவே வேண்டாம்: பினாங்கில் அன்று பொது விடுமுறை, தண்ணீர்மலை முருகன் கோயிலை நோக்கி ஊரே நடக்கும்.

ஐந்து நாள்தான் இருக்கிறது, கூடவே பெரியவர்களோ கைக்குழந்தையோ உண்டு என்றால் சிங்கப்பூரே போதும். பத்து நாளும் நல்ல கால்களும் இருந்தால், முதல் மூன்று நாளைச் சிங்கப்பூரில் பயண அலுப்புத் தீரக் கழித்துவிட்டு, ஒன்றரை மணி நேர விமானத்தில் பினாங்குக்குப் போய் மிச்ச நாள்களை அங்கே செலவிடுங்கள். இரு நாடுகளுக்கும் தனித்தனி மின்னியல் வருகை அட்டையை, நுழைவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்ப வேண்டும். திரும்பும் விமானம் சிங்கப்பூரிலிருந்து என்பதால் மறுபடி அந்நாட்டுக்குள் நுழைவதாக இருந்தால், அதற்கு இன்னொரு புதிய அட்டை வேண்டும்.