அம்மாவின் சர்க்கரையை மறைத்து பாலிசி போட்ட ஏஜென்ட்: வயதானவர்கள் இருக்கும் வீடுகள் கவனிக்கவும்

வீட்டுக்கு யாராவது ஏஜென்ட் வந்து "முதலமைச்சர் காப்பீட்டு அட்டையெல்லாம் ஜி.எச்.சில் மட்டும்தான் செல்லும், தனியாரில் ஒரு பாலிசி போட்டுவிடுங்கள்" என்று சொன்னால், அவரை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். அது பொய். எங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லித்தான் ஏமாற்றினார்கள்.

அம்மாவுக்கு 66 வயது, பல வருடமாகச் சர்க்கரை. வந்தவரிடம் அதை மறைக்கவே இல்லை, மாத்திரைகளைக்கூட எடுத்துக் காட்டியிருக்கிறார். "அதெல்லாம் நான் பார்த்துக்கிறேன்மா" என்று சொல்லிவிட்டு, தன் போனிலேயே படிவத்தை நிரப்பி, அம்மாவின் போனுக்கு வந்த ஓடிபியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதில் சர்க்கரை நோய் உண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று போட்டிருந்தது எங்களுக்கு எப்போது தெரிந்தது என்றால், அடுத்த வருடம் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்த பிறகு, கிளெய்ம் கிடையாது என்று கடிதம் வந்தபோதுதான். நோயை மறைத்துவிட்டோமாம். பாலிசியையும் ரத்து செய்துவிட்டார்கள். பொய் எழுதியது அவர்களுடைய ஆள், தண்டனை அம்மாவுக்கு.

இதைவிட வயிற்றெரிச்சல், அம்மா முதலமைச்சர் திட்டத்துக்குத் தகுதியானவர். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் போதும், வருடத்துக்கு 5 லட்சம் வரை, பிரீமியம் கிடையாது, பழைய நோய்க்கு இத்தனை வருடம் கழித்துத்தான் பணம் என்ற காத்திருப்புக் காலமும் கிடையாது, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் செல்லும். ஸ்டென்ட்டும் அதில் உண்டு. ஆனால் நாங்கள் பாலிசியை நம்பிச் சேர்த்த மருத்துவமனை அந்தப் பட்டியலில் இல்லை. கடன் வாங்கித்தான் கட்டினோம்.

அரசு அட்டையில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. பட்டியலில் உள்ள சிகிச்சைக்குத்தான் பணம், விருப்பப்பட்ட அறை கிடைக்காது, ஒரே மருத்துவமனையில் இதய சிகிச்சைக்கு அட்டையை எடுப்பார்கள், மூட்டுக்கு எடுக்க மாட்டார்கள். முன்கூட்டியே விசாரித்து வைக்க வேண்டும். 70 வயது ஆனவர்களுக்கு வருமானம் பார்க்காமல் 5 லட்சம் என்று மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய வய வந்தனா அட்டையும் இருக்கிறது, தனியார் பாலிசி வைத்திருப்பவர்களும் வாங்கலாம். உங்கள் ஊரில் அதை எந்த மருத்துவமனை ஏற்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தனியாரில் போட்டே ஆக வேண்டுமா, சரி, போடுங்கள். ஆனால் பழைய நோய்க்கு 3 வருடம் வரை காத்திருப்பு வைக்கலாம். வயதானவர்களுக்கான பல பாலிசிகளில் கோ-பே, அதாவது பில்லில் ஒரு பங்கை நாமே கட்டுவது, உண்டு, 20 சதவீதம் என்றால் 3 லட்சம் பில்லில் 60,000 உங்கள் கைக்காசு. அறை வாடகைக்கு வரம்பு இருந்து அதைத் தாண்டிய அறை எடுத்தால், வாடகையில் மட்டுமல்ல, டாக்டர் ஃபீஸ் வரைக்கும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். இதை எந்த ஏஜென்டும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

பாலிசி கைக்கு வந்ததும் நிரப்பிய படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கி, நோய் பற்றிய பக்கத்தை வரிவரியாகப் படியுங்கள். தவறு இருந்தால் உடனே எழுத்தில் திருத்தச் சொல்லுங்கள், மழுப்பினால் பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் பாலிசியையே திருப்பிக் கொடுக்கலாம். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். நிராகரித்தாலோ 30 நாளில் பதில் வராவிட்டாலோ, ஒரு வருடத்துக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன்) போகலாம், கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. பழைய மருந்துச் சீட்டுகள், ஏஜென்ட் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் இணைத்து நாங்களும் மனு கொடுத்திருக்கிறோம். முடிவு வந்ததும் எழுதுகிறேன்.