ஷவர் கைப்பிடி: ஒட்டுவதா, பொதுக் கைப்பிடியா, அதே மாடலா?

கைப்பிடி ஆடினால் முதலில் திருகைப் பாருங்கள். நடுவில் சிவப்பு, நீலக் குறி போட்ட மூடி இருந்தால், மெல்ல நெம்பி எடுத்தால் அடியில் திருகு தெரியும். ஒற்றை லீவர் வகையில் பக்கவாட்டிலோ அடிப்பக்கத்திலோ ஒரு சின்ன ஓட்டை இருக்கும். உள்ளே ஆலன் கீ (அறுகோண முனையுள்ள சின்னச் சாவி) போட்டுத் திருப்பும் தலையில்லாத திருகு. (கீழே உள்ள வடிகால் ஓட்டையைத் துணியால் மூடிவிட்டுக் கழற்றுங்கள். அந்தத் திருகு விழுந்தால் அங்கேதான் விழும்.) பலருக்கு இந்தத் திருகை முறுக்கியதும் வேலை முடிந்துவிடும்.

முறுக்கிய பிறகும் கைப்பிடி மட்டும் சும்மா சுற்றுகிறதா? அப்படியானால் பல் தேய்ந்துவிட்டது. ஸ்பிண்டில், அதாவது கைப்பிடி மாட்டும் தண்டின் முனையில் பொடிப்பொடியாகப் பல் வெட்டியிருப்பார்கள். கைப்பிடியின் உட்பக்கமும் அப்படியே. ஸ்பிண்டில் பெரும்பாலும் பித்தளை. கைப்பிடி குரோம் பூசிய பிளாஸ்டிக்காகவோ துத்தநாகக் கலவையாகவோ இருக்கும். அதனால் பெரும்பாலும் தோற்பது கைப்பிடிதான்.

எபாக்ஸி போட்டு ஒட்டுவது சுலபம், அன்றைக்கே குளிக்கலாம். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அவசரத்துக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால், ஸ்பிண்டில் பல்லின் மேல் டெஃப்லான் டேப்பைச் சில சுற்று சுற்றிக் கைப்பிடியை அழுத்திப் பொருத்துங்கள். கொஞ்ச நாள் பிடிக்கும், வேண்டும்போது கழன்றும் வரும்.

நிஜமான போட்டி பொதுக் கைப்பிடிக்கும் அதே மாடல் கைப்பிடிக்கும்தான். பொதுக் கைப்பிடி என்பது பல மாடல்களுக்கும் மாட்டும்படி விற்பது, எந்தப் பல்லோடும் பொருந்த வேண்டியதில்லை. பக்கத் திருகுகள் ஸ்பிண்டிலைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, அதே மாடலைத் தேடி வாங்கினேன். காரணம் ஒன்றுதான்: அடுத்த முறை கழற்ற வேண்டியிருக்கும்.

ஷவர் என்றைக்காவது சொட்டும். வாஷரை மாற்றவோ கார்ட்ரிட்ஜை (தண்ணீரைத் திறந்து மூடும் உள்பாகத்தை) எடுக்கவோ முதலில் கைப்பிடி வெளியே வந்தாக வேண்டும். ஒட்டிய கைப்பிடி வராது, உடைத்துத்தான் எடுக்க வேண்டும். பொதுக் கைப்பிடி வரும். ஆனால் அந்தத் திருகுகள் மெத்தென்ற பித்தளைப் பல்லை நசுக்கியிருக்கும். லேசாகத் தளர்ந்தால் இன்னும் இறுக்குவோம், இன்னும் நசுங்கும். பிறகு மனம் மாறி அசல் கைப்பிடி வாங்கினாலும் அது அந்தப் பல்லில் சரியாக உட்காராது. அதே மாடல் கைப்பிடியில் இந்தத் தொல்லை இல்லை. துருப்பிடிக்காத திருகாகப் போட்டு, மரையில் துளி சிலிக்கான் கிரீஸ் தடவினால் வருடங்கள் கழித்தும் கழன்று வரும்.

அலைச்சல் உண்டு, மறுக்கவில்லை. 16 பல், 20 பல், 24 பல் என்று ஸ்பிண்டில்கள் வேறுபடும், கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒரு பல்லில் பேனாவால் குறி வைத்து எண்ணுங்கள். பழைய கைப்பிடியையும் கடைக்கு எடுத்துப் போங்கள்.

அந்த மாடலே நின்றுபோயிருந்தால்? அப்போது பொதுக் கைப்பிடியைக் குறை சொல்ல மாட்டேன். ஸ்பிண்டில் பல்லே மழுங்கியிருந்தால் கைப்பிடியில் காசு போடாமல் ஸ்பிண்டிலையோ கார்ட்ரிட்ஜையோ மாற்றுங்கள், புதுப் பல்லும் அதோடு வரும். அந்த வேலைக்குத் தண்ணீரை அடைத்தாக வேண்டும். கைப்பிடியை மட்டும் மாற்ற அது தேவையில்லை. தெர்மோஸ்டாட் வைத்த ஷவரை நான் தொட்டதில்லை. அதில் கைப்பிடியைத் திருப்பிப் பொருத்தும் கோணம் சூட்டின் வரம்பையே மாற்றிவிடும் என்பதால், தெரிந்தவரிடம் விடுவது நல்லது.

எதை வாங்கினாலும், மாட்டும் முன் ஸ்பிண்டிலைத் துணி சுற்றிய குறட்டால் திருப்பிப் பாருங்கள். முரண்டு பிடித்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பழைய கைப்பிடியை உடைத்தது அநேகமாக அந்த இறுக்கம்தான். புதியதையும் அது விடாது.